ஏழாம் நாள் காலையில் ஒரு பிடி சக்கை

டெல்வாவின் தொழுவத்தில் மோரா, பிந்தா என்று கிடாரிகள் இரண்டு இருந்தன. உறைய வைத்த கரு ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அது கலானா என்ற பசுவின் கரு. மூன்று ஆண்டுகளுக்கு முன் மந்தையில் காசநோய் கண்டு, அரசு வண்டி வந்து இருபத்தாறு உருப்படிகளையும் ஏற்றிச் சென்ற நாளில் கலானாவும் போயிற்று. அதற்கு முந்தைய ஆண்டு அதனிடமிருந்து எடுத்து உறைய வைத்த ஏழு கருக்கள் மட்டும் மிஞ்சின. அவற்றில் ஆறை வேறு மாடுகளின் வயிற்றில் வைத்துப் பார்த்தார்கள், ஒன்றுகூட நிற்கவில்லை. ஏழாவதும் கைவிட்டால் கலானாவின் வழி அத்தோடு அற்றுப்போகும். இதை டெல்வா யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் பலித்துவிடுமோ என்ற அச்சம் அவளுக்கு.

கால்நடை மருத்துவர் ஒலாயா இம்முறை குருட்டாம்போக்கில் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். கிடாரி பருவத்துக்கு வந்த நாளிலும் அதற்கு ஏழாம் நாளிலும் இரத்தம் எடுத்து, அதிலுள்ள நுண்ணிய சத்துகளின் அளவைக் கருவி ஒன்றில் பார்த்தால், எந்த வயிறு கருவைத் தாங்கும் என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே அறியலாமாம். அவள் விதித்த நிபந்தனை ஒன்றுதான்: இரத்தம் எடுக்கும்வரை தீனி எதுவும் கொடுக்கக் கூடாது. டெல்வா அதைத் தட்டாமல் கடைப்பிடித்தாள். முந்தின நாள் மாலையே புல்லுக்கட்டைத் தொழுவத்துக்கு வெளியே தூக்கி வைத்துப் பூட்டிவிட்டாள்.

ஏழாம் நாள் காலையில் ஒலாயா இரத்தம் எடுத்துச் சென்றாள். நண்பகலில் முடிவு வந்தது. மோராவின் எண், தேறுவதற்கான கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தது. பிந்தாவின் எண் வெகு மேலே இருந்தது. இவ்வளவு நல்ல எண்ணை இந்த ஆண்டில் பார்க்கவில்லை என்று ஒலாயா தொலைபேசியில் சொன்னபோது, டெல்வா அடுப்படியில் நாற்காலியைத் தேடி உட்கார்ந்துகொண்டாள்.

மாலை நான்கு மணிக்கு ஒலாயா திரவ நைட்ரஜன் குடுவையுடன் வந்து சேர்ந்தாள். டெல்வாவின் அண்ணன் செல்மோ, ஆப்பிள் மது பிழியும் தன் ஆலையிலிருந்து கை கழுவாமலேயே வந்து பிந்தாவின் தலையைப் பிடித்துக்கொண்டான். ஒலாயா குடுவையிலிருந்து கரு அடங்கிய மெல்லிய குழலை எடுத்து, வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்தி, கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். உருகிய கருவை மறுபடி உறைய வைக்க முடியாது என்பது அங்கிருந்த மூவருக்கும் தெரியும்.

செல்மோவுக்கு அமைதி ஆகாது. "காலையில இவ வாயில அடிச்ச வாசம் இருக்கே, டாக்டரம்மா! மதுக்கடையில விடிய விடியக் குடிச்சவன்கூடத் தோத்துடுவான்" என்று சிரித்தான்.

ஒலாயா சிரிக்கவில்லை. "என்ன வாசம்?"

"ஆப்பிள் சக்கை வாசம்தான். என் ஆலையோட முதல் பிழிவு."

ஒலாயா மெதுவாக டெல்வாவின் பக்கம் திரும்பினாள். "அக்கா, தீனி போடலன்னு சொன்னீங்களே."

"தீனி போடல" என்றாள் டெல்வா. அது உண்மைதான். புல் தீனி, தவிடு தீனி. முதல் பிழிவின் சக்கையோ, கன்று வேண்டுமென்று நினைக்கும் மாட்டின் வாயில் விடியற்காலையில் கைநிறைய வைப்பது. அந்த வீட்டில் அதற்குத் தீனி என்று பெயரில்லை. வாசலில் காண்பவரிடம் சொல்லும் வணக்கம் போன்றது அது. பிந்தா கதவருகில் வந்து நின்றதால் பிந்தாவுக்குக் கிடைத்தது. "ஒரு பிடிதான் குடுத்தேன். அப்புறம் நக்கிக்கிட்டே நின்னா, இன்னும் கொஞ்சம்…"

"எவ்வளவு?"

"வாளியில பாதி."

ஒலாயா குழலை நீரிலிருந்து எடுத்துத் துடைத்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் டெல்வாவுக்குச் சற்றே ஆறுதலாக இருந்திருக்கும். "அந்த மெஷின் பார்த்தது பிந்தாவை இல்லக்கா. சக்கையைப் பார்த்திருக்கு. இவளோட நிஜ எண் என்னன்னு இப்போ யாருக்கும் தெரியாது."

"அப்போ மோரா?"

"மோரா எண் நிஜம். ஆனா அது கம்மி. கரு உருகிடுச்சு, பத்து நிமிஷத்துக்குள்ள எங்கயாவது வைக்கணும். நீங்கதான் சொல்லணும்."

செல்மோ பிந்தாவின் கொம்பைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். டெல்வா இரண்டு கிடாரிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்றைப் பற்றித் தெரிந்தது நல்லதாக இல்லை. மற்றதைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. தெரியாததில்தான் நம்பிக்கை ஒளிந்துகொள்ள இடம் உண்டு என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். பிந்தாவின் முதுகில் கை வைத்து, "இவளுக்கே வைங்க" என்றாள்.

அதன்பின் பதினான்கு நாட்கள். கரு நிற்கவில்லை என்றால் பதினான்காம் நாளை ஒட்டி பிந்தா மறுபடி பருவத்துக்கு வருவாள். டெல்வா சக்கை வாளியைத் தொழுவத்துக்குள் கொண்டுவரவே இல்லை. பத்தாம் நாளிலிருந்து வேலியோரத்தில் நின்று சாப்பிட்டாள். கிடாரிகள் படுத்தால் அவளுக்கு மூச்சு வந்தது, எழுந்தால் நின்றது.

பதினான்காம் நாள் காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. மோரா பின்புறமாக வந்து பிந்தாவின் மேல் முன்னங்கால்களைத் தூக்கிப் போட்டாள். கருவுற்ற மாடு இந்தச் சேட்டைக்கு இடம் கொடுக்காது, விலகி ஓடும். 'ஓடு' என்று டெல்வா உதட்டுக்குள் சொன்னாள். பிந்தா வாலை ஒதுக்கிக்கொண்டு அசையாமல் நின்றாள். மோரா இறங்கி, மறுபடி ஏறினாள். அப்போதும் நின்றாள்.

அருகில் இருந்த செல்மோ தொப்பியைக் கழற்றினான்.

டெல்வா ஒலாயாவைத் தொலைபேசியில் அழைத்தாள். "நின்னுட்டா, டாக்டரம்மா."

மறுமுனையில் ஒலாயாவின் குரல் துள்ளியது. "நின்னுடுச்சா? நிஜமாவா அக்கா? கரு நின்னுடுச்சா?"

டெல்வா அந்த மகிழ்ச்சி இன்னும் ஒரு கணம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவைத்தாள்.

"கரு இல்லம்மா" என்றாள் பிறகு. "பிந்தா நின்னுட்டா."