பதினேழாவது வரி

நாலாம் வார்டுக்குச் சிவப்பு விழுந்தால், அதன் இன்சார்ஜ் சிஸ்டரை வார்டிலிருந்து எடுத்து, வெளிநோயாளிகளுக்குச் சீட்டு எழுதும் மேசையில் உட்கார வைத்துவிடுவார்கள். இது ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். ஏற்கெனவே இரண்டு முறை சிவப்பு. மூன்றாவது முறை வந்தால் இதுதான் நடக்கும் என்று தொற்றுத் தடுப்பு டாக்டர் சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். கை கழுவ வேண்டிய நூறு தருணங்களில் ஐம்பதிலாவது கழுவியிருந்தால் பச்சை. அதற்குக் கீழே போனால் சிவப்பு.

கழுவினார்களா என்று பார்த்து எழுதுவது என் வேலை. அட்டையும் பென்சிலுமாக வார்டில் ஒரு மூலையில் நிற்பேன். இருபது நிமிடம், அதற்கு மேல் கூடாது. ஒருவர் நோயாளியைத் தொடப் போகிறார், ஒரு வரி. தொட்டு முடித்தார், இன்னொரு வரி. கழுவினால் டிக், கழுவாவிட்டால் பெருக்கல் குறி. யார் என்பதற்கு எண்: ஒன்று டாக்டர், இரண்டு நர்ஸ், மூன்று வார்டு ஆயா, நான்கு வேறு ஆள். மூன்று மாதம் சேர்த்து, கூட்டி, சதவீதமாக்கி, ஊழியர் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். நான் உள்ளே நுழைந்தாலே நாலாம் வார்டு ஆயாம்மா குரல் கொடுப்பார்.

“சிசிடிவி வந்தாச்சு! எல்லாரும் கையைக் கழுவிக்கிட்டு போட்டோவுக்கு நில்லுங்கடி!”

கூட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் நாலாம் வார்டுக் கணக்கை மூன்றாவது தடவையாகச் சரிபார்த்தேன். ஒரு தடவை போதும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் எதையும் மூன்று தடவை பார்க்காமல் என்னால் கையெழுத்துப் போட முடியாது. நூற்றிருபது தருணங்கள், ஐம்பத்தொன்பது டிக். நாற்பத்தொன்பது சதவீதம். சிவப்பு.

அப்போதுதான் ஒரு தாளின் தலைப்பில் நேரம் கண்ணில் பட்டது. மாலை 6.10.

மாலை ஆறு மணிக்கு நான் எந்த வார்டிலும் இருப்பதில்லை. ஐந்தரைக்குக் கிளம்பி, தையல் கடைக்கு மேல்மாடியில் நடக்கும் புள்ளியியல் வகுப்புக்குப் போய்விடுவேன். வாரத்தில் நான்கு நாள். இந்த வருஷம் வகுப்புக்கு ஒன்பது நாள்தான் போகவில்லை. அதில் ஐந்து நாள் அப்பா நாலாம் வார்டில் பதினோராம் கட்டிலில் இருந்தார். மற்ற நாலும் அதற்கு அடுத்த வாரம்.

காலில் அறுவை சிகிச்சை. அது நன்றாகத்தான் நடந்தது என்றார்கள். நான்காம் நாள் கட்டுக்குள் சீழ் வைத்தது, ஆறாம் நாள் காய்ச்சல் ஏறியது, ஒன்பதாம் நாள் போய்விட்டார். நாளையோடு நாற்பத்தொரு நாள். “எதனாலன்னு உறுதியா சொல்ல முடியாதும்மா” என்றார் அறுவை செய்த டாக்டர். நானும் சரி டாக்டர் என்றேன். அன்று முதல் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்தத் தாளை எழுதியது நினைவிருக்கிறது. இரண்டாம் நாள் மாலை. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல். சும்மா உட்கார முடியவில்லை. பையில் வெற்றுப் படிவம் ஒன்று இருந்தது. கை தானாக எழுத ஆரம்பித்துவிட்டது. சிலர் நகம் கடிப்பதில்லையா, அந்த மாதிரி. இருபத்துநான்கு வரி, எட்டு டிக். மறுநாள் காலை மேசையில் பையைக் கொட்டியபோது, மேலே வார்டு 4 என்று இருந்ததால் நான்காம் கோப்பில் செருகியிருக்கிறேன். வார்டு 4 என்று எழுதியது எதுவானாலும் நான்காம் கோப்பு. அது நானே வைத்த ஒழுங்கு.

விதிப்படி அந்தத் தாள் செல்லாது. வேலை நேரம் இல்லை. அதோடு, சொந்தக்காரர் படுத்திருக்கும் வார்டில் நான் எழுதவே கூடாது. அதை எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். தொண்ணூற்றாறுக்கு ஐம்பத்தொன்று. ஐம்பத்து மூன்று சதவீதம். பச்சை.

தாளை இன்னொரு முறை மேலிருந்து கீழாகப் படித்தேன். பதினேழாவது வரியில் நின்றேன். எண் நான்கு, வேறு ஆள். கட்டைத் தொடுவதற்கு முன். பெருக்கல் குறி.

அப்பாவின் கால்கட்டின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்திரி ஒரு ஓரத்தில் பிரிந்திருந்தது. நான் கட்டைவிரலால் அமுக்கி ஒட்டினேன். வீட்டுக்குப் போய்ப் பேருந்தில் திரும்பி வந்ததிலிருந்து கை கழுவியிருக்கவில்லை. ஒட்டிவிட்டு உட்கார்ந்து, பென்சிலை எடுத்து, என் வரியை நானே எழுதினேன்.

சிவப்பில் ஒன்று, பச்சையில் ஒன்று, இரண்டு வரைபடத் தாளையும் தயார் செய்து சுருட்டி ரப்பர் போட்டேன்.

வீட்டில் அம்மா சமையல்கட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். இப்போதெல்லாம் அங்கேதான் உட்காருகிறாள்.

“நாளைக்குத்தானே வாசிக்கிற?”

“ஆமாம்மா.”

“அவளுக்கு என்ன வந்திருக்கு?”

அம்மா அந்த சிஸ்டரைப் பெயராலோ வேலையாலோ சொல்வதில்லை. அவள்தான்.

“இன்னும் முடிவாகல.”

“கணக்குல முடிவாகாம இருக்க என்ன இருக்கு? கூட்டுனா வந்துட்டுப் போகுது.”

“ஒரு தாள் இருக்கு. சேர்த்தா சிவப்பு. எடுத்துட்டா பச்சை.”

“எடுக்காத” என்றாள். “நான் என் கண்ணால பார்த்தேன்டி. அந்தப் பக்கத்துக் கட்டில்ல ஊசி போட்டுட்டு, அதே கையோட உங்கப்பாகிட்ட வந்தா. குழாய் பக்கமே போகல. எழுதினது எழுதினதுதானே? நீ என்ன பொய்யா எழுதின?”

“பொய் இல்ல.”

“அப்புறம் என்ன?”

பதினேழாவது வரியைப் பற்றி நான் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று நினைத்ததாகவும் நினைவில்லை. டீ ஆறிப் போயிருந்தது, அதைக் குடித்தேன்.

மறுநாள் இரண்டு மணிக்கு மாடியில் கூட்ட அறை. அறுபது நாற்காலி, நிறைந்துவிட்டது. நாலாம் வார்டு சிஸ்டர் இரண்டாம் வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். உள்ளங்கையெல்லாம் வெடித்து வெளுத்திருக்கும், கை சுத்தம் செய்யும் திரவம் பட்டுப் பட்டு. அதை நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கவனித்திருக்கிறேன். படிவத்தில் அதற்கு இடம் இல்லை.

முதலில் மொத்தக் கணக்கு வாசித்தேன். நோயாளியைத் தொட்ட பிறகு கழுவியவர்கள் அறுபத்தெட்டு சதவீதம். தொடுவதற்கு முன் கழுவியவர்கள் முப்பத்தொன்று.

“அதாவது,” என்றார் தொற்றுத் தடுப்பு டாக்டர், “நமக்கு ஒட்டிக்கக்கூடாதுன்னா கழுவுறோம். அவங்களுக்கு ஒட்டக்கூடாதுன்னு கழுவுறதில்ல.”

பின்வரிசையில் ஒருவர் தும்மினார். “ஐயையோ, வாயைப் பொத்துங்க, அதையும் எழுதிடப் போறா” என்றார் ஆயாம்மா. சிரிப்பு வந்தது. எனக்கும் வந்திருக்க வேண்டும்.

வார்டு வாரியாக ஒவ்வொரு படமாக ஒட்டினேன். ஒன்று பச்சை. இரண்டு பச்சை. மூன்று பச்சை, மயிரிழையில். நான்காவதற்கு இரண்டு சுருள்கள் மேசையில் கிடந்தன. எதை எடுப்பது என்று காலையிலிருந்து யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. மேலே கிடந்ததை எடுத்து ஒட்டினேன். சிவப்பு.

“நாற்பத்தொன்பது சதவீதம்” என்று வாசித்தேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “மூணாவது தடவை, சிஸ்டர்.”

“தெரியுது டாக்டர்.”

“எனக்கும் வேற வழியில்ல.”

“சரி டாக்டர்.” சிஸ்டர் அங்கியின் பையில் கை விட்டு, வார்டு அலமாரிச் சாவிக்கொத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்த ‘சரி’ எனக்குத் தெரிந்த சரிதான்.

ஆயாம்மா எழுந்துவிட்டார். “ஒரு நிமிஷம் டாக்டர். கீழ சின்ன எழுத்துல ஏதோ போட்டிருக்கே. பாப்பா, அதைப் படி.”

“யாருக்கு எத்தனை வரின்னு. நர்ஸ் அறுபத்திரண்டு. டாக்டர் இருபத்தொன்று. ஆயா முப்பத்தாறு. வேறு ஆள் ஒன்று.”

“அந்த வேறு ஆள் யாரு? எங்க வார்டுல நாங்கதான் இருக்கோம். ஊர்ல போறவன் வர்றவன் கழுவாததை எல்லாம் எங்க தலையில கட்டாத.”

“அது ஒண்ணே ஒண்ணுதானம்மா. அதனால ஒண்ணும் மாறாது” என்றார் டாக்டர்.

“ஒண்ணுன்னா ஒண்ணுதான். யாருன்னு சொல்லச் சொல்லுங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நான்தான்” என்றேன்.

“நீயா? நீ எதுக்கு நோயாளியைத் தொட்ட?”

“பதினோராம் கட்டில். எங்கப்பா.”

நான் தொடர்ந்து சொன்னேன். என் குரல் கணக்கு வாசிக்கும்போது இருந்த மாதிரியேதான் இருந்தது. அந்தத் தாள் வேலை நேரத்தில் எழுதியதில்லை. மாலை ஆறு பத்து. வகுப்பு வருகைப் பதிவேட்டில் அன்று எனக்கு ஆப்சென்ட் இருக்கும், பார்த்துக்கொள்ளலாம். தவறுதலாகக் கோப்பில் சேர்ந்துவிட்டது. நேற்றே எனக்குத் தெரியும். எடுத்துவிட்டால் ஐம்பத்து மூன்று.

“நேத்தே தெரிஞ்சும் இதை ஒட்டினீங்களா?” டாக்டர் கேட்டார்.

“ஆமா டாக்டர்.”

“ஏன்?”

“தெரியல” என்றேன். அதுதான் உண்மை என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் என் நினைப்பை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

சிவப்பைக் கிழித்துப் பச்சையை ஒட்டினேன். என்னிடம் எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேட்கப்படும் என்றார் டாக்டர். சரி என்றேன். சிஸ்டர் சாவிக்கொத்தை எடுத்துத் திரும்பவும் பையில் போட்டுக்கொண்டார். யாரும் கை தட்டவில்லை. ஆயாம்மா என்னைக் கடந்து போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

வராந்தாவில் கை கழுவும் தொட்டியருகே சிஸ்டர் நின்றிருந்தார். விரல் இடுக்கு, கட்டைவிரல், மணிக்கட்டு என்று முறையாகக் கழுவிக்கொண்டிருந்தார். நான் நிற்பதைப் பார்த்தும் அவசரப்படவில்லை.

“அந்தத் தாள்ல என் வரி எத்தனைம்மா?”

“பதினொண்ணு சிஸ்டர்.” படிவத்தில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான்; ஆனாலும் எந்த வரி யாருடையது என்று எனக்கு நினைவிருந்தது.

“கழுவினது?”

“நாலு.”

கழுவாதது எத்தனை என்று அவரே கழித்துக்கொண்டார். உதடு லேசாக அசைந்தது. “அன்னைக்கு இருபத்தெட்டு பேருக்கு நாங்க ரெண்டு பேர்” என்றார். பிறகு தலையை ஆட்டினார். “அது சாக்குதான். கழுவியிருக்கணும்.”

“சரி சிஸ்டர்.”

“அந்தத் தாளை என்ன செய்யப் போற?”

“செல்லாத தாளைக் கிழிச்சிடணும். அதான் விதி.”

“கிழிக்காத. எனக்குக் குடு.”

கொடுத்தேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, நாலாக மடித்து, சாவி இருந்த பைக்குள் வைத்துக்கொண்டு வார்டுக்குப் போனார்.

அன்று வகுப்புக்குப் போகவில்லை. பத்தாவது நாள். வீட்டுக்குப் போனபோது அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

“என்ன ஆச்சு?”

“ஐம்பத்து மூணு. பச்சை.”

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. “எடுத்துட்டியா அந்தத் தாளை?”

“எடுத்துட்டேன். அதுல பதினேழாவது வரி நான்தான்மா. பிளாஸ்திரியை ஒட்டினேன். கை கழுவல.”

அம்மா ஒரே தட்டைத் திருப்பித் திருப்பித் தேய்த்தாள்.

“நானும்தானே தொட்டேன்” என்றாள். “நீ ஒட்டினதுக்கு அப்புறம். சரியா ஒட்டலன்னு நான்தான் பிரிச்சுத் திருப்பி ஒட்டினேன். நீ பக்கத்துலயேதான் இருந்த.”

“ஆமா.”

“என்னை எழுதினியா?”

“இல்ல.”

“பார்க்கலையா?”

“பார்த்தேன்.”

அப்படியென்றால் அந்தத் தாளில் வரி இருபத்துநான்கு இல்லை, இருபத்தைந்து. அது இப்போது யாருக்கும் தேவைப்படாத கணக்கு. இருந்தாலும் மனசுக்குள் ஒரு முறை கூட்டிப் பார்த்தேன்.

அம்மா தட்டைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு சோப்பை எடுத்து, முழங்கை வரை நனைத்து, கையைக் கழுவ ஆரம்பித்தாள். நான் பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் நின்றேன். அவள் நகர்ந்து இடம் விட்டாள்.