சூப்பிரண்டு வைத்த சூப்

இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது யாதெனில்: அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கும் மேலாகக் கோப்புகளை மட்டுமே கிண்டிக் கிளறி, சுவர்க்கடிகாரம் ஒன்றைப் பரிசாகப் பெற்று ஓய்வடைந்த சூப்பிரண்டு அவர்கள், ஒரு திங்கட்கிழமை காலை தம் இல்லத்துச் சமையலறையின் முழு நிர்வாகத்தையும் ஏற்றுக்கொண்டார். பதவியேற்பு விழாவுக்கு வந்திருந்தவர் ஒருவர்தான். அவருடைய மனைவி. அவளும் வாயில் குண்டூசி வைத்திருந்ததால் ஆட்சேபம் தெரிவிக்க முடியவில்லை.

"இன்னிலேருந்து அடுப்பு என் பொறுப்பு. உன் ஆரோக்கியம் என் கடமை" என்றார் சூப்பிரண்டு. கரண்டியைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

தெருவில் அவளை டெய்லரம்மா என்பார்கள். வீட்டின் முன்னறைதான் தையல் கடை. ஒரு மெஷின், ஒரு வெட்டுமேசை, தலை இல்லாத ஒரு பொம்மை. வாசலில் வந்து நிற்கிறவரின் இடுப்பளவைக் கண்ணாலேயே சொல்லிவிடுவாள். வாடிக்கையாளர்கள் அதற்குப் பயந்து மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு படியேறுவார்கள்.

அவளுக்கு மூட்டுவாதம். காலையில் எழுந்ததும் விரல்கள் துருப்பிடித்த கீல்களைப் போல மடங்க மறுக்கும். வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால்தான் ஊசி பிடிக்க வரும். மனசில் ஏதாவது பாரம் ஏறினால் மறுநாள் விரல் வீங்கிக்கொள்ளும். மாத்திரையை நிறுத்தாதீர்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள், கவலையைக் குறையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்றாவதற்கு மருந்துச்சீட்டு எழுதித் தரவில்லை.

அதனால் சமையலை அவளே சுருக்கிக்கொண்டிருந்தாள். முதல் நாளே ஊறப்போட்ட பயறு, ஒரு கை அரிசி, பீன்ஸ், கேரட், கீரை எல்லாம் ஒரே பாத்திரத்தில். கத்தி பிடிக்க வராத நாளில் ஓய்வு பெற்ற தையல் கத்தரிக்கோலைக் கழுவி எடுத்துக்கொண்டு, பீன்ஸையும் கீரையையும் நேராகப் பாத்திரத்துக்குள்ளேயே வெட்டிப் போடுவாள். நின்று சமைப்பதில்லை. கடையின் உயர முக்காலி அடுப்படிக்கு வந்துவிடும். கை நன்றாக இருக்கும் நாளில் இரண்டு பங்காகச் செய்து ஒரு பங்கைக் குளிர்பெட்டியில் வைத்தால், கை மக்கர் பண்ணும் நாளில் சூடு பண்ணினால் போதும்.

இத்தனை காலமும் இதற்கு அவர் வைத்திருந்த பெயர் 'ஆஸ்பத்திரிச் சோறு'. இப்போது அதையே, அதே பாத்திரத்தில், அதே முக்காலியில் உட்கார்ந்து தானே செய்ய ஆரம்பித்ததும் அது 'சமச்சீர் உணவுத் திட்டம்' ஆகிவிட்டது. அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்றே ஒன்றுதான். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சூப். முட்டைக்கோஸ், தக்காளி, மிளகு. அதுவும் சுமாராக இல்லை, நன்றாகவே இருந்தது. அங்கேதான் டெய்லரம்மாவுக்கு முதல் சந்தேகம் தட்டியது. மோசமாகச் சமைத்திருந்தால் இது வீம்பு, நாலு நாளில் அடங்கிவிடும் என்று விட்டிருப்பாள். நன்றாகச் சமைக்கிற அளவுக்கு ஒரு மனிதர் அக்கறை எடுத்துக்கொண்டால் பின்னால் என்ன இருக்கிறது?

பின்னால் இருந்தது அந்த வாரமே முன்னால் வந்தது. சூப்பை அவள் முன் வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்தாம்மா. உன் வியாதிக்கு மூலகாரணம் என்ன? டென்ஷன். டென்ஷனுக்கு மூலகாரணம்? கடை. ஆக, கடையை மூடிடலாம்."

"ஸ்கூல் யூனிஃபார்ம் ஆர்டர் வருதுங்க. மாசக் கடைசிக்குள்ள சரி, இல்லைன்னு சொல்லணும்."

"இல்லைன்னு சொல்லிடு. செல்போன் ரிப்பேர்க்காரர் ஒருத்தர் முன்ரூமை வாடகைக்குக் கேட்டுட்டே இருக்கார். நல்ல மனுஷர்."

அவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள். அந்தக் கடையை அவள் ஒற்றை மெஷினோடு ஆரம்பித்து, கை வீங்கிய வருடங்களிலும் மூடாமல் வைத்திருக்கிறாள். காலையில் விரல் மடங்காதபோது அவளை எழுப்பி உட்காரவைப்பது மாத்திரை அல்ல, வெட்டுமேசையில் காத்திருக்கும் துணி. யூனிஃபார்ம் ஆர்டர் ஒரு வருடம் கை மாறினால் அப்புறம் திரும்பி வராது. அது போனால் கடை வெறும் முன்னறைதான்.

"யோசிக்கிறேன்" என்றாள்.

"யோசிக்காதே. அதுவும் டென்ஷன்" என்றார் சூப்பிரண்டு.

அன்றிலிருந்து ஒவ்வொரு வாய் சோறும் லஞ்சம் மாதிரி இறங்கியது. அவரையே கவனிக்க ஆரம்பித்தாள். டீயில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுவிட்டு நாலாவதுக்குக் கிண்ணத்தை எட்டிப் பார்க்கிற மனிதர், வெறும் டீ குடித்தார். கேட்டால், "உனக்கு ஆதரவா" என்றார். சாயங்காலம் நடக்கப் போனார். கேட்டால், "உனக்காகத்தான்" என்றார். அவர் நடந்தால் தன் விரல் எப்படி மடங்கும் என்று அவளுக்குப் புரியவில்லை. தெருவில் மட்டும் பெயர் கிடைத்தது. அவள் மாத்திரை வாங்கப் போனபோது, ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்த அவரைக் காட்டி மருந்துக் கடைக்காரர்கூட, "பொண்டாட்டிக்காக இந்த வயசுல சமைக்கிறாரே, தங்கமான மனுஷன்" என்றார். தங்கமான மனுஷன் அந்த மருந்துக் கடையில் எதற்கு நின்றுகொண்டிருந்தார் என்று அவளுக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.

அக்காவுக்குப் போன் செய்தாள். அக்கா இரண்டு தெரு தள்ளி இருந்தாள். சந்தேகப்படுவதில் குடும்பத்திலேயே மூத்தவள்.

"அடியே, ஆம்பளை திடீர்னு காய் நறுக்கினா ஒண்ணு தப்பு பண்ணியிருக்கான், இல்ல பண்ணப் போறான்."

"இவருக்கு அறுபது வயசாகுதுக்கா."

"அதனாலென்ன, தப்புக்கு ரிட்டயர்மென்ட் உண்டா? சாயங்காலம் நடக்கப் போறார்ங்கறியே, எங்க நடக்கறார், யார் கூட நடக்கறார்?"

"ஐயோ, விடுக்கா."

"நான் விட்டுட்டேன். நீ விட்டுறாத."

விரல்கள் வீங்கின. சூப் உள்ளே போகப் போக வீக்கம் கூடியது. "பாத்தியா, கடையோட டென்ஷன்" என்றார் சூப்பிரண்டு திருப்தியாக.

துணி துவைக்கும் நாளில்தான் அது நடந்தது. அவருடைய கறுப்புக் கால்சட்டையை உதறிக் கொடியில் போடப் போனவள் நின்றுவிட்டாள். இடுப்பில் வேறொருவர் தையல் இருந்தது.

கல்யாணமான நாளிலிருந்து அவர் உடுத்திய ஒவ்வொரு துணியிலும் இருப்பது அவள் தையல். இடுப்பைச் சுருக்கிப் பிடிப்பதானால் பின்பக்க நடுத்தையலைப் பிரித்துப் பிடிப்பாள். மனிதன் நாளைக்கே பெருப்பான் என்று உள்ளே தாராளமாகத் துணி விட்டுவைப்பாள். இது இரண்டு பக்கவாட்டிலும் பிடித்தது. உள்துணி கஞ்சத்தனமாக வெட்டியெறியப்பட்டிருந்தது. கறுப்புத் துணியில் நீல நூல். சட்டைப்பையிலிருந்து யாரோ ஒருத்தியின் படம் விழுந்திருந்தால்கூட அவள் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டாள். படத்துக்கு ஆயிரம் விளக்கம் இருக்கும். டெய்லர் புருஷன் வெளியில் போய்த் தைத்துக்கொண்டு வருவதற்கு என்ன விளக்கம்?

கொடியில் கிடந்த இன்னொரு கால்சட்டையைப் புரட்டினாள். அதிலும் நீல நூல்.

கறுப்புக்கு நீலம் போடுகிறவன் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருவன்தான். பஸ் நிலையத்துக்குப் பின்னால் படிக்கட்டுக்கு அடியில் கடை வைத்திருக்கும் ஒல்லி டெய்லர். கால்சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். அவளைப் பார்த்ததும் அவன் எழுந்தே நின்றுவிட்டான். நின்றால் தலை படிக்கட்டில் இடிக்கும், இடித்தது.

"இது உன் தையலா?"

ஒல்லி டெய்லர் தலையைத் தடவிக்கொண்டே தையலைப் பார்த்தான். "வாங்கக்கா, உக்காருங்க. டீ சொல்லட்டா?"

"நூலைப் பாத்தாலே தெரியுது. யாரோடது?"

"சார்தான் கொண்டாந்தார். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னார். உங்க கை சரியில்லையாம், பாத்தா நீங்களே பிரிச்சு உக்காந்துடுவீங்களாம். உங்க மேல அவ்வளவு பிரியம்னு நெனச்சேன்."

"அவர் மட்டும்தான் வந்தாரா?"

"வேற யார் வரணும்?" அவன் உண்மையிலேயே விழித்தான். "இது ரெண்டாவது தடவைக்கா. முதல்ல அந்தப் பெரிய மழை வந்துச்சே, பஸ் நிலையமெல்லாம் தண்ணி நின்னுச்சே, அப்ப வந்தார். அப்பவே நல்லா தொளதொளன்னு இருந்துச்சு. சார் ரொம்ப இளைச்சிட்டாரே, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"சூப் குடிக்கிறார்" என்றாள். பையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பாதி வழியில் கால் தானாக நின்றது. அந்த மழை வந்தபோது சூப்பிரண்டு இன்னும் அடுப்புப் பக்கமே வரவில்லை. பிஸ்கட் டப்பாவும் கையுமாகத்தான் உட்கார்ந்திருந்தார். அப்படியானால் இளைத்த பிறகு சூப் வந்திருக்கிறது. சூப்பால் இளைக்கவில்லை. தெருவே மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு தன் முன் வந்து நிற்க, சொந்த வீட்டில் ஒரு இடுப்பு சுருங்கியதைக் கவனிக்கவில்லையே என்று முதலில் தன் மேலேயே கோபம் வந்தது. அப்புறம், சூப்பும் இல்லாமல் ஒரு மனிதர் எந்த வியாதியில் இளைப்பார் என்று நினைத்து நடையை வேகமாக்கினாள். இன்னொருத்தி இருந்திருந்தால் தேவலை என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

வீட்டுக்கு வந்தால் அக்கா உட்கார்ந்திருந்தாள், பெரிய கேக் டப்பாவோடு. துப்பறிய வருகிறவள் வெறுங்கையோடு வருவதில்லை. சூப்பிரண்டு முக்காலியில் உட்கார்ந்து கேரட் சீவிக்கொண்டிருந்தார்.

"எடுத்துக்கங்க மாப்பிள்ளை" என்றாள் அக்கா.

சூப்பிரண்டு கையை உயர்த்தினார், கோப்பைத் திருப்பி அனுப்புகிறவர் மாதிரி. "வேண்டாங்க. எங்களுக்கு இனிப்பு ஆகாது."

டெய்லரம்மா பையைக் கீழே வைத்தாள்.

"எங்களுக்கா?"

"ஆமா."

"எனக்கு எந்த டாக்டருங்க இனிப்பு ஆகாதுன்னு சொன்னார்?"

சூப்பிரண்டு கேரட்டைப் பார்த்தார்.

"எனக்குக் கை வியாதி. இனிப்பை நான் வாயாலதான் சாப்பிடறேன். அப்ப 'எங்களுக்கு'ங்கறதுல நீங்க யாரைச் சேத்துக்கிட்டீங்க?"

அக்கா கேக்கை வெட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். டெய்லரம்மா கால்சட்டையை எடுத்து மேசையில் விரித்து, நீல நூலைக் காட்டினாள். சூப்பிரண்டு அதைப் பார்த்த பார்வையில், தணிக்கை அதிகாரி உள்ளே நுழைந்ததைப் பார்க்கிற பழைய பார்வை இருந்தது.

"சர்க்கரை" என்றார் கடைசியில். "எப்ப வந்துச்சுன்னு தெரியல. ஒரு நாள் தபாலாபீஸ் வாசல்ல தலை சுத்தி உக்காந்துட்டேன். டெஸ்ட் எடுத்தா, டாக்டர் என்னை ஏற இறங்கப் பாத்தார். மாத்திரை, நடை, இந்தச் சாப்பாடு."

"அதை வீட்டுல சொல்றதுக்கென்ன?"

"சூப்பிரண்டுக்குச் சர்க்கரைன்னு தெருவெல்லாம் சொல்லணுமா? ஒரு நாள் லீவ் போட்டிருப்பேனா நான்? உனக்குத்தான் ஏற்கெனவே வியாதி இருக்கே, அதுலயே நானும் சேந்துக்கலாம்னு பாத்தேன்."

"கூட்டுக் குடும்பம்" என்றாள் அக்கா.

"நீ கொஞ்சம் சும்மா இருக்கா." டெய்லரம்மா அவர் பக்கம் திரும்பினாள். "சரி. கடை என்னங்க பண்ணுச்சு உங்களை? செல்போன்காரர் எவ்வளவு தர்றேன்னார்?"

"வாடகை கிடக்கட்டும்." அவர் குரல் இறங்கிவிட்டது. "நீ மெஷின்ல உக்காந்தா உலகம் தெரியாது உனக்கு. அந்தச் சத்தத்துல நான் சமையல்கட்டுல விழுந்து கிடந்தாக்கூட கேக்காது. நீ பக்கத்துல இருந்தா..."

கேரட்டை எடுத்து ஏற்கெனவே சீவிய பக்கத்தையே திரும்பச் சீவினார்.

டெய்லரம்மாவுக்கு ஒரு கணம் மனசு இளகியது. இளகிய மனசோடு கடையைக் கொடுத்துவிட்டவர்கள் எத்தனை பேரோ என்று அடுத்த கணமே ஒரு எண்ணமும் வந்தது. இத்தனை வாரமாக 'உனக்காக' என்று சொல்லி அவர் தமக்காகவே வைத்த சூப்பை நினைத்தாள்.

"உங்க சர்க்கரைக்கு என் கடையை மூட முடியாதுங்க" என்றாள். "விழறதுன்னா கடையில வந்து விழுங்க. அங்கதான் நான் இருக்கேன்."

அவர்கள் முன்னாலேயே பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து ஆர்டருக்குச் சரி என்று சொன்னாள். அக்கா ஒரு துண்டு கேக்கை அவளுக்கு வைத்துவிட்டு, மிச்சத்தைத் தங்கை புருஷனின் கண் படாமல் மூடி எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது, "சாயங்காலம் அவர் நடக்கப் போறது உண்மைதானா, அதையும் ஒருக்கா பாத்துடு" என்று வாசலில் கிசுகிசுத்தாள்.

மறுநாளிலிருந்து சூப்பிரண்டு முக்காலியோடு கடைக்கு வந்தார். அடுப்பில் சிறு தீயில் பாத்திரத்தை வைத்துவிட்டு வெட்டுமேசையின் ஒரு மூலையில் பீன்ஸ் நறுக்கினார். வருகிறவர்கள் எல்லாம், "அம்மாவுக்காக எவ்வளவு செய்யறார்" என்று மெச்சினார்கள். அவர் தலையை லேசாகச் சாய்த்து அதைப் பெற்றுக்கொண்டார். அவளும் மறுத்துப் பேசவில்லை. துணி வந்து குவிந்ததும் அவர் எழுந்து, தொண்டையைச் செருமி, இந்த நெருக்கடியான காலகட்டத்தில் பித்தான் தைக்கும் பிரிவைத் தாமே ஏற்றுக்கொள்வதாக அறிவித்தார்.

அவர் தைத்த பித்தான்கள் அத்தனையையும் அவள் பிரித்துத் திரும்பத் தைத்தாள்.