றுக்ஸானா போட்ட ஐந்து

1

இந்தக் கதை ஒரு வினாக்கொத்திலிருந்து வந்தது. அதை மறைத்துவிட்டு வயலிலிருந்தோ கடலிலிருந்தோ தொடங்கலாம் என்று முயன்று பார்த்தேன். ‘அக்கரைப்பற்றுக்கு வெளியே, வயல் தொடங்கும் இடத்தில், ஓர் அரிசி ஆலை காலை வெயிலில்—’

அந்த வாக்கியம் அங்கேயே கிடக்கட்டும். காலை வெயிலைப் பார்க்க நான் அங்கே போகவில்லை. அளக்கப் போனேன்.

என் முதுமாணி ஆய்வின் தலைப்பில் இரண்டு பெரிய சொற்கள் இருந்தன: முயற்சியாண்மைத் தலைமைத்துவம், பசுமைப் புத்தாக்கம். (வீட்டில் அம்மா கேட்டபோது இப்படிச் சொன்னேன்: முதலாளி துணிஞ்ச ஆளா இருந்தா புகையும் கழிவும் குறையுமா எண்டு பாக்கிறன்.) ஒவ்வொரு நிறுவனத்திலும் இரண்டு பேரிடம் கேட்க வேண்டும். ஒருவர் முதலாளி, மற்றவர் அவரோடு நெருங்கி வேலை செய்பவர். ஒவ்வொரு கூற்றுக்கும் ஓர் இலக்கம். ஒன்று என்றால் சற்றும் உடன்பாடில்லை. ஐந்து என்றால் முற்றிலும் உடன்பாடு. அடுத்த வருடம் திரும்பப் போய் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும்.

2

ஆலை முதலாளியின் பெயர் பர்ஸான். நாற்பது தாண்டியவர், உட்காரத் தெரியாதவர். நான் கதிரையில் இருக்க, அவர் நடந்துகொண்டே பதில் சொன்னார். புழுங்கலுக்காக நெல் ஊறவைக்கும் தண்ணீர் புளித்து நாறும். எல்லா ஆலைகளையும் போல அவருடைய ஆலையும் அதை வாய்க்காலில்தான் விட்டது. அவர் நிலத்துக்குள் ஒரு மூடிய தொட்டி கட்டி அந்தத் தண்ணீரை அதில் தேக்கினார். அதில் ஊறும் வாயு குழாய் வழியாக வந்து வேலையாட்களின் குசினி அடுப்பை எரித்தது. தெளிந்த தண்ணீர் மட்டும் வாய்க்காலுக்குப் போனது.

“ஏன் செய்தீங்க நானா?” என்று அவர்கள் வழக்கப்படி அண்ணன் முறை சொல்லிக் கேட்டேன். என் படிவத்தில் இல்லாத கேள்வி.

“பள்ளிவாசலுக்குப் போனா வயல்காரன் மூக்கப் பொத்திக்கிட்டு ஸலாம் சொல்லுவான். வெக்கம் தங்கச்சி. அதான் தொடங்கின.”

இரண்டாவது ஆள் முத்தலிப். ஆலையின் மேற்பார்வையாளர், பர்ஸானின் மனைவி றுக்ஸானாவின் காக்கா, அதாவது மூத்த சகோதரர். ‘தன் ஆட்களை அவர்களுடைய எல்லையைத் தாண்டிச் செயற்படத் தூண்டுவார்’ என்ற கூற்றை வாசித்தேன். முத்தலிப் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“விடியச் சுபஹு தொழுதிட்டு போன் எடுத்து ‘வாங்க மச்சான்’ எண்டுவாரு. நான் தேத்தண்ணியும் குடிக்காம ஓடி வாற. அதுக்கு எத்தின போடலாம்?”

“அஞ்சு போடுங்க மச்சான்,” என்றார் பர்ஸான்.

“அஞ்சப் போடுங்க தங்கச்சி. இல்லாட்டி என்ன வேலையால நிப்பாட்டிருவாரு.”

அன்று றுக்ஸானா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். என் ஆய்வுத் திட்டத்தில் அவருக்கு இடமிருக்கவில்லை.

3

அடுத்த வருடம் வருவதற்குள் முத்தலிப் மவுத்தாகி, அடக்கமும் செய்யப்பட்டிருந்தார்.

நடந்ததை நான் பார்க்கவில்லை. றுக்ஸானா சொன்னதைத்தான் எழுதுகிறேன். தொட்டியைப் பார்க்க மற்ற ஊர் ஆலைக்காரர்கள் வருவதாக இருந்தது. அதற்கு முந்திய நாள் உள்குழாய் அடைத்துக்கொண்டது. பர்ஸான் சொன்னார்: “நாளைக்கு ஆக்கள் வருவாங்க. இண்டைக்கே முடிங்க மச்சான்.” தண்ணீரை இறைத்து, மூடியைத் திறந்து, முத்தலிப் ஏணியில் இறங்கினார். அடியில் நின்ற வாயு கண்ணுக்குத் தெரியாதது. அவர் கூப்பிடக்கூட இல்லை. சத்தமில்லாமல் இருக்கிறாரே என்று எட்டிப் பார்த்த பர்ஸான், யார் தடுத்தும் கேளாமல் தானும் இறங்கினார். வேலையாட்கள் கயிறு போட்டு இருவரையும் இழுத்தார்கள். பர்ஸானுக்கு மூச்சு வந்தது. மற்றவருக்கு வரவில்லை.

4

இந்த இடத்தில் பர்ஸானை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வரைவில், பெயருக்காக மச்சானைக் குழிக்குள் அனுப்பியவராக எழுதினேன். அப்படியானவர் பின்னால் இறங்கியிருக்க மாட்டார். இன்னொரு வரைவில், உயிரைக் கொடுக்கத் துணிந்தவராக எழுதினேன். அப்படியானவர் ‘இண்டைக்கே முடிங்க’ என்று எப்படி—

இரண்டையும் கிழித்துவிட்டேன். அவசரப்பட்டவரும் அவர்தான், இறங்கியவரும் அவர்தான். புத்தகங்கள் அந்த அவசரத்துக்கு முன்முனைப்பு என்று பெயர் வைத்திருக்கின்றன. அதை அளக்கும் கூற்றுகள் ஐந்து என்னிடமே இருந்தன.

5

இரண்டாம் முறை போனபோது தொட்டியின் மேல் மண் மூட்டைகள் அடுக்கியிருந்தன. வாய்க்காலில் பழையபடி புளித்த தண்ணீர் ஓடியது. பர்ஸான் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

கேள்விகளைக் கேட்காமலே போகிறேன் என்றேன். “கேளுங்க,” என்றார். கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்.

“ஒண்டு.”

“நானா, இது தொழிலப் பற்றின—”

“ஒண்டு போடுங்க தங்கச்சி.”

முத்தலிப்பின் வேலையை இப்போது றுக்ஸானாதான் பார்த்தார். ஆகவே இரண்டாவது ஆளும் அவர்தான். கணவர் முன்னாலேயே கேட்கச் சொன்னார். எல்லையைத் தாண்டித் தூண்டுவார் என்ற கூற்று வந்ததும் பேனையை என் கையிலிருந்து வாங்கினார்.

“இவர் சொன்னா ஆக்கள் செய்வாங்க. ஏலாததையும் செய்வாங்க. எங்கட காக்காவும் செஞ்ச.” ஐந்தை வட்டமிட்டார். “அஞ்சு.”

பர்ஸான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முத்தலிப் சிரித்துக்கொண்டு போட்ட ஐந்தும் றுக்ஸானா போட்ட இந்த ஐந்தும் கணினிக்குள் ஒரே இலக்கம். (இதற்கு ஓர் அடிக்குறிப்பு எழுதினேன். என் ஆய்வை மேற்பார்வை செய்த பேராசிரியர் அதை நீக்கச் சொன்னார். “முதலாளி ஒண்டு, மற்றவர் அஞ்சு. இந்த நிறுவனத்தையே எடுத்துவிடுங்கோ விதுசா, முடிவக் குழப்பும்.” அவர் கெட்டவர் அல்ல, முறைப்படி அதுதான் சரி. எடுத்தேன். தலைமைத்துவத்துக்கும் பசுமைப் புத்தாக்கத்துக்கும் இடையே வலுவான நேர்த்தொடர்பு உண்டு என்று என் ஆய்வு சொல்கிறது. அது பொய்யும் அல்ல.)

6

அந்தப் பின்னேரத்தை நான் இன்னும் எழுதி முடிக்கவில்லை.

படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். றுக்ஸானா கணவரிடம் சொன்னார்: “அந்தத் தொட்டியத் திறக்கணும்.”

“அது உங்கட காக்காட கபுறு.”

“காக்காவ அடக்கின கபுறு மையவாடியில இரிக்கி. இது தொட்டி.”

“இன்னொருத்தன இறங்கச் சொல்ல எனக்கு ஏலா.”

“ஒருத்தரும் இறங்கத் தேவல்ல. ஆக்கள் இறங்காம துப்பரவாக்கிற மாதிரி மாத்தித் தரச் சொல்லி ஒலுவில் கெம்பஸ்ல இருக்கிற இன்ஜினியர்மாரிட்ட கேளுங்க. கேக்கிறதுக்கு உங்களுக்கு வெக்கமா இருந்தா நான் போறன்.”

பர்ஸான் எழுந்து வெளியே போனார். நாங்கள் இருவரும் பின்னால் போனோம். தொட்டியருகே போய் ஒரு மண் மூட்டையைத் தூக்கினார். பாதி வழியில் அதைக் கீழே போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். தோள்கள் குலுங்கின. றுக்ஸானா கிட்டப் போகவில்லை. ஆனால் உள்ளே திரும்பிப் போகவும் இல்லை.

“என்ன மன்னிச்சிட்டீங்களா?” என்று அவர் தரையைப் பார்த்துக் கேட்டார். மரணம் நடந்த பிறகு முதன்முறையாகக் கேட்கிறார் என்பது றுக்ஸானாவின் முகத்தில் தெரிந்தது.

றுக்ஸானா வாய்க்காலைக் கைகாட்டினார்.

“முதல்ல இந்தத் தண்ணிக்கு ஒரு வழி செய்யுங்க,” என்றார்.

7

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் தொட்டி திறக்கப்படுகிறது. ஒன்றில் மண் போட்டு நிரப்பப்படுகிறது. மூன்றாவதில் றுக்ஸானா ஆலையை நடத்துகிறார், பர்ஸான்—

மூன்றும் என்னிடம் இருக்கட்டும். அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. போய்ப் பார்த்து எழுதலாம். ஆனால் போனால் மறுபடியும் அளக்க வந்தவளாகத்தான் அந்த வாசலில் நிற்பேன்.

றுக்ஸானா சொன்னது மன்னிப்பா, மறுப்பா? என் அம்மா மன்னிப்பு என்கிறா. எனக்கு அப்படிப் படவில்லை; சில நாட்களில் படுகிறது. நீங்கள் ஒரு முடிவுக்கு வந்தால் அதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அறிவிக்க வேண்டாம். இந்தக் கதையில் அவர்கள் இருவரும் இன்னும் அந்தத் தொட்டியடியில்தான் இருக்கிறார்கள். நான் சத்தம் போடாமல் படலையைச் சாத்திவிட்டு வருகிறேன்.