வலது பக்கத்து கிட்டார்

டெத் மெட்டல் என்ற உறுமல் ராக் இசை என்றால் வெல்டருக்கும் அவன் அண்ணனுக்கும் உயிர். பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் செருகிக்கொண்டு, புதிதாக வரும் ஆல்பங்களைக் கேட்டுக் கிழிகிழியென்று கிழிப்பார்கள். இடது தம்பிக்கு, வலது அண்ணனுக்கு. ஒவ்வொரு பக்கத்திலும் வேறு வேறு கிட்டார் கேட்கும். வலது பக்கம் வரும் கிட்டாரை அண்ணன் வாயாலேயே வாசித்துக் காட்டுவான்.

அண்ணன் மாரடைப்பில் போனபிறகு வந்த எந்த ஆல்பமும் தம்பிக்குப் பிடிக்கவில்லை. சாப்பாடு கொண்டுவந்த அண்ணியிடம் பொரிந்து தள்ளினான்.

"இதெல்லாம் ஒரு ஆல்பமா அண்ணி? ஒருத்தன் தகர டப்பாவத் தட்டிட்டு டிரம்ஸ்ங்கறான். இன்னொருத்தன் சளி பிடிச்ச மாதிரி உறுமுறான். இதுல பாருங்க, ஒரு கிட்டார் கேள்வி கேட்டுட்டு நிக்குது, பதிலையே காணோம். எல்லாப் பயலுகளும் பாதிப் பாட்டப் போட்டு ஏமாத்துறானுங்க."

அவன் இடது காதில் மட்டும்தான் இயர்போன் இருந்தது. மற்றது நெஞ்சில் தொங்கிக்கொண்டிருந்தது, யாருக்கோ எடுத்து வைத்ததுபோல. அண்ணி அண்ணனின் ஸ்டூலில் உட்கார்ந்து, அதை எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

"பதில் வருதே தம்பி," என்றாள். "இந்தப் பக்கம் ஒருத்தன் விடாம வாசிச்சுக்கிட்டுதான் இருக்கான்."

அவன் இயர்போனைக் கேட்டு வாங்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "எப்படி வருதுன்னு வாயால சொல்லுங்க அண்ணி," என்றான்.

அந்த இரைச்சலை ஒருநாளும் பொறுத்துக்கொள்ளாத அண்ணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டுத்தடுமாறி வாசிக்க ஆரம்பித்தாள்.