மைதானத்துக்கு வந்துசேர்ந்த வீடு

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது என்று முதலிலேயே சொல்லிவிட்டால் என் மனைவிக்கு நிம்மதி. பேரிடர் நிவாரணத் துறையில் முப்பத்திரண்டு வருடம் பதிவு எழுத்தராக இருந்தேன். ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகிறது. இந்த ஏழு வருடத்தில் நான் பார்த்த வெள்ளங்களின் உயரம் இரண்டடி கூடியிருக்கிறது.

முதல் தொடக்கம்: ‘வெள்ளம் வடிந்த காலையில் சூரியன் குற்ற உணர்வோடு மேகத்திலிருந்து எட்டி—’

சே. சூரியன் என்ன தப்பு செய்தது? அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: ‘மூன்று மாடி வீடு ஒன்று ஆற்றில் மிதந்து வந்தது.’

தோளுக்குப் பின்னால் நின்று படித்த மனைவி கேட்டாள். “ஏங்க, போன வாரம் ரெண்டு மாடின்னு சொன்னீங்க?”

“சொல்லச் சொல்ல கதை வளரத்தானே செய்யும்?”

“வளர்றது கதை இல்லீங்க, வீடு.”

சரி. ஒரே அறை. பலகைச் சுவர், தகரக் கூரை. ஆனால் மிதந்து வந்தது நிஜம். அதில் ஒரு அங்குலம்கூட விட்டுத்தர மாட்டேன்.

2

வீட்டுக்காரி ஒரு தையல்காரி. தனிக்கட்டை. ஆற்றங்கரையில் இருந்த அவள் வீடு தரையை விட்டுப் பிய்த்துக்கொண்டு, எங்கள் முகாம் நடந்த பள்ளிக்கூட மைதானத்தில், கோல் கம்பங்களுக்கு நடுவில் கச்சிதமாக வந்து உட்கார்ந்தது. [கோல் கம்பம் என் சேர்க்கை. மனைவி அங்கே இல்லாததால் பிழைத்தது.] அவள் கதவைத் திறந்து இறங்கி, நேராக என் வரிசையில் வந்து நின்றாள்.

அந்த வரிசையின் முடிவில் இருந்தது ஒரு மஞ்சள் அட்டை. அது கிடைத்தால் மேட்டு நிலத்தில் ஒரு மனை. கிடைக்காவிட்டால், பத்து நாளில் பள்ளி திறக்கும்போது அவள் வீடு மைதான ஆக்கிரமிப்பு. இடித்துவிடுவார்கள்.

“வீட்டை விட்டு எப்பம்மா கிளம்பினீங்க?” என்றேன்.

“கிளம்பலியே சார்.”

“அப்புறம் எப்படி இங்க வந்தீங்க?”

“வீடுதான் கிளம்பிச்சு. நான் சும்மா உள்ள இருந்தேன்.”

படிவத்தில் ‘வீட்டை விட்டு வெளியேறியவர்’ என்று அச்சடித்திருந்தது. வீடே வெளியேறினால் என்ன செய்வது என்று அச்சகத்தில் யாரும் யோசித்திருக்கவில்லை.

3

இந்த இடத்தில் அவளை அழவைக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ‘அவள் கண்களில் திரண்ட நீரில் அந்த ஆறே—’ என்று எழுதியும் பார்த்தேன். பொருந்தவில்லை. அவள் அழவில்லை. என் சட்டையில் நூலில் தொங்கிக்கொண்டிருந்த பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள், கை பரபரத்தது.

எங்கள் அதிகாரிக்கு ‘சுற்றறிக்கை’ என்று பட்டப்பெயர். தும்முவதற்கும் அவருக்கு மேலிடத்து உத்தரவு வேண்டும்.* ஒரு வாரம் கழித்துத்தான் அவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்தார்.

“என்னய்யா இது, நம்ம ஆபீஸ் கூடாரத்தைவிட ஸ்ட்ராங்கா இருக்கு! சேதம் இல்லைன்னு எழுது.”

“நிலம் போயிடுச்சு சார். அங்க இப்ப ஆறு ஓடுது,” என்றாள் அவள்.

“நிலம் போனவங்க பட்டியல் தனிம்மா. அதுல சேரணும்னா வீடும் போயிருக்கணும்.”

* மிகை. இருமலுக்கு மட்டும்தான் கேட்பார்.

4

யோசனை சொன்னது நான்தான். இதை மட்டும் மிகைப்படுத்தவில்லை.

“வீட்டைப் பூட்டாம விட்டுட்டு அந்த முகாம் கூடாரத்துல போய் இருங்கம்மா. வெளியேறினவர்னு பதிஞ்சிடறேன்.”

“பத்தடி நடந்தா போதுமா? இது தெரியாம ஆறு மைல் மிதந்து வந்தேனே!”

சிரித்துக்கொண்டே போனாள். தையல் மெஷினை மட்டும் தூக்கிக்கொண்டாள்.

அன்று மாலை மழை. அலுவலகக் கூடாரம் ஒழுகியது. கோப்புகள் நனைந்தன. சுற்றறிக்கை சார் சுற்றுமுற்றும் பார்த்தார். எதிரே, ஆளில்லாமல், ஒழுகாமல், ஒரு வீடு.

மறுநாள் காலை பதிவு அலுவலகம் அங்கேதான் நடந்தது. அவள் நாற்காலியில் நான். அவள் கட்டிலில் கோப்புகள். வரிசை அவள் வாசலில் தொடங்கியது, ஏழாவதாக அவள் வந்தாள்.

“என்னம்மா இழந்தீங்க?” படிவத்தின் அடுத்த கேள்வி அது. கேட்டே தீர வேண்டும்.

“நீங்க உக்காந்திருக்கீங்களே சார், அதைத்தான்.”

சுற்றறிக்கை சார் கட்டிலிலிருந்த கோப்பு ஒன்றை எடுத்துப் புரட்டினார். பிறகு சொன்னார். “சரி, வீடு போச்சுன்னு ஒத்துக்கறேன். ஆனா இழப்புக்குக் காரணம் இயற்கைச் சீற்றமா இருக்கணுமே. நாம இயற்கை இல்லையேய்யா!”

5

முடிவு ஒன்று: அதிகாரி மனம் இளகிக் கையெழுத்துப் போடுகிறார். [இளகச் சொல்லி மேலிடத்திலிருந்து எதுவும் வரவில்லை.]

முடிவு இரண்டு: மறுபடி வெள்ளம். வீடு எங்களையும் கோப்புகளையும் சுமந்துகொண்டு மிதக்கிறது. இன்னொரு முகாமில் ஒதுங்குகிறோம். சுற்றறிக்கை சார் இறங்கி வரிசையில் நிற்கிறார். எனக்கு மிகவும் பிடித்த முடிவு. எழுதும்போது சத்தமாகச் சிரித்தேன். ஆனால் திரும்பப் படித்தால், அதில் அட்டை கிடைப்பது எனக்கு. அவள் கூடாரத்திலேயே நிற்கிறாள்.

“நிஜமா என்ன ஆச்சுங்க அந்தப் பொண்ணுக்கு?” என்றாள் மனைவி.

நிஜத்தில் நான், “நாளைக்கு வாங்கம்மா” என்றேன். விடிந்ததும் வேறொரு வெள்ளத்துக்கு என்னை மாற்றிவிட்டார்கள். விசாரித்து ஒரு கடிதம்கூட நான் போட்டதில்லை.

ஆகவே, வாசகரே, எழுந்து இடம் தருகிறேன். உட்காருங்கள். நாற்காலியின் மெத்தை அவளே தைத்தது, சுகமாக இருக்கும். பள்ளி திறக்க இன்னும் இரண்டு நாள். ‘இழப்புக்குக் காரணம்’ என்ற கட்டம் காலியாக இருக்கிறது. அவள் வாசலில் நிற்கிறாள். என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். நாளைக்கு வா என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதை நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.