பதினேழாம் எண்

எங்கள் நெப்ராஸ்கா நாணயச் சங்கத்தில் எதையும் லேசில் ஒப்புக்கொள்ளாதவள் என்று எனக்குப் பெயர். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. சனிக்கிழமை நூலகத்தின் கீழ்த்தளத்தில் வெண்டெல் ஒரு சென்ட் காசை நீட்டியபோதே மறுக்கத் தயாராகிவிட்டேன். மனுஷன் கேக் வேறு வாங்கி வந்திருந்தான். மேலே க்ரீமில் அவன் பெயர்.

"டார்லா, ஐம்பத்தாறாம் வருஷத்து டென்வர் காசு. 'டி'யோட கால்ல இன்னொரு 'டி' எட்டிப் பாக்குது பாரு. பட்டியல்ல என் பேரு ஏறப்போகுது!"

"மொதல்ல லென்ஸைக் குடு. அப்புறம் ஆடு."

'டி' என்பது டென்வர் காசாலையின் அடையாளம். அந்தக் காலத்தில் காசு வார்க்கும் அச்சில் அந்த எழுத்தை, அது செதுக்கிய உளியை வைத்துக் கையால்தான் அடிப்பார்கள். இடம் தவறி இரண்டு முறை அடித்தால் எழுத்து இரட்டிக்கும். அது அசல் ரகம், கண்டுபிடித்தவர் பெயரோடு எங்கள் பட்டியலில் ஏறும். உளியின் முனையே நசுங்கியிருந்தால் அது தொட்ட அச்சிலெல்லாம் ஒரே பிசிறு விழும். அது வெறும் சேதம்.

வெண்டெலின் 'டி' வலப்பக்கம் சாய்ந்திருந்தது. இடது காலில் முள் போல ஒரு பிசிறு, அதுவும் கூடவே சாய்ந்திருந்தது. எங்கேயோ பார்த்த முள்.

என் பெட்டியிலிருந்து ஐம்பத்தைந்தாம் வருஷத்துக் காசை எடுத்தேன். பட்டியலில் பதினேழாம் எண். பதினோரு வருடமாக என் பெயரில் இருக்கும் ஒரே எண். இதில் 'டி' நேராக நிற்கிறது. காலில் அதே முள், அதே இடம், அதே நீளம்.

வெண்டெலும் குனிந்து பார்த்தான். அவன் முகம் தொங்கிப்போனது.

"ரெண்டும் ஒரே உளியா?"

"ஒரே உளிதான். நசுங்கின உளி."

அவன் தன் காசை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "நான் இதைக் கொண்டுவரவே இல்லன்னு வச்சுக்கோ. உன்னோடது அப்படியே இருக்கட்டும், டார்லா."

"உன்னோடதைத் தள்ளிட்டு என்னோடதை வச்சுக்கவா? என்னை யாருன்னு நெனச்ச?"

கத்தியேவிட்டேன். ஒரு நொடி எனக்கும் அந்த ஆசை வந்ததுதான் கோபத்துக்குக் காரணம். என் பொறுப்பில் இருந்த சங்கப் பட்டியலை விரித்துப் பதினேழாம் எண்ணின் மேல் சிவப்புப் பேனாவால் கோடு போட்டேன். வலித்தது, பொய் சொல்வானேன். ஆனால் பேனாவை மூடியபோது மனம் லேசாகிவிட்டது.

வெண்டெல் கேக்கை வெட்டினான். தன் பெயர் இருந்த துண்டை முழுசாக என் தட்டில் வைத்தான்.

"உன் பேரும் போச்சு. என் பேரையாவது தின்னு."

தின்றேன். நன்றாகவே இருந்தது. இன்னொரு துண்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.