ஹெர்மன் போட்ட ஓட்டு

வெர்னா பன்றித்தொடைக் கறியை அரிந்து தட்டுகளில் அடுக்கிக்கொண்டே தேவாலயத்து நிலவறைப் படிக்கட்டைப் பார்த்தாள். அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த ஊர் மொத்தமும் கீழே இறங்கி உருளைக்கிழங்கு சாலட்டை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தது. காஸ்பர் மட்டும் இன்னும் மேலேயே நின்றார்.

"வருவாராம்மா?"

"கல்லறை வரைக்கும் வந்தானே, அதுவே பெரிசு" என்றாள் அம்மா ஓட்டிலி.

வெர்னாவுக்கு அது போதவில்லை. அப்பாவின் உயிர்ச் சிநேகிதர் இன்றைக்கும் கை நனைக்காமல் போய்விட்டால் அந்தக் கோபம் தீராமலே போய்விடும். அதை நினைக்கவே அவளுக்குத் துக்கமாக இருந்தது.

எல்லாம் பாழாய்ப்போன மார்கரினால் வந்தது. அப்பா ஹெர்மன் லூட்கே வேலித் தகராறுகளுக்கு வாதாடிய சின்ன வக்கீல். பால்பண்ணைக்காரரான காஸ்பர்தான் வீடு வீடாய் ஏறி இறங்கி ஓட்டுக் கேட்டு அவரை விஸ்கான்சின் சட்டசபைக்கு அனுப்பினார். போன மனிதர் சும்மா இருந்தாரா? எண்ணெயில் செய்கிற அந்தப் போலி வெண்ணெயை மஞ்சள் நிறத்தில் விற்கக் கூடாதென்று இருந்த தடையை நீக்க ஓட்டுப் போட்டார். ஏழைப் பெண்கள் பக்கத்து மாநிலத்திலிருந்து அதை ஒளித்துக் கொண்டுவந்து மாட்டிக்கொள்வதைப் பார்த்துப் பொறுக்காதவர் அவர். பால்பண்ணை ஊர் விடுமா? அடுத்த தேர்தலிலேயே மண்ணைக் கவ்வவைத்தது. பிறகு ஊர் மறந்தது, காஸ்பர் மறக்கவில்லை.

படியில் காலடி கேட்டது. காஸ்பர் வந்து தட்டை எடுத்தார். பேச்சு அடங்கியது. மேசையில் பண்ணைக்காரர்கள் கொண்டுவந்த வெண்ணெய்க் கட்டிகளைப் பார்த்தார், செருமினார், அம்மாவிடம் குனிந்தார்.

"ஓட்டிலி, அந்த இன்னொண்ணு இருக்கா?"

"எது?"

"அதான், ஹெர்மனோடது. வெண்ணெயத் தொடவே கூடாதுங்கிறார் டாக்டர். நெஞ்சு சரியில்லையாம்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான், நிலவறையே குலுங்கிச் சிரித்தது. வெர்னா கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காலையிலிருந்து அழுத கண்.

"சிரிங்க, நல்லா சிரிங்க" என்றார் காஸ்பர். "இது அவன் காதுக்குப் போயிடக் கூடாதுன்னுதான் ரெண்டு வருஷமா ஒளிஞ்சு ஒளிஞ்சு தின்னேன்."

"உன் பொண்டாட்டி அப்பவே சொல்லிட்டா" என்றாள் அம்மா. குளிர்பெட்டியிலிருந்து ஒரு மார்கரின் டப்பாவை எடுத்துவந்து வைத்தாள். "அன்னைக்குச் சாப்பிடக்கூட முடியல அவரால, அப்படிச் சிரிச்சார்."

"அப்புறம் ஏன் வந்து என் மானத்த வாங்கல?"

"போய்ட்டு வாங்கன்னு நானும் சொன்னேன். ஜெயிச்ச கேஸுக்கு மறுபடி வாதாட மாட்டேன்னுட்டார்."

வெர்னா நாற்காலியை இழுத்துப் போட, காஸ்பர் உட்கார்ந்தார். ரொட்டியின் ஓரம்வரை நிதானமாகத் தடவித் தின்றுவிட்டுத் தட்டை நீட்டினார்.

"இன்னொரு துண்டு வை, கண்ணு."